கல்லில் உறங்கும் மனு

மனு மாண்டு ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகள் ஆகின்றன. பிரமனும் விட்டுணுவும் இந்திரனும் வருணனும் அவனைப் போலவே கடலில் வாழ்ந்து, கடலடிச் சேற்றில் புதைந்து, கல்லாகிப் போயினர். புதுவைக்கு மேற்கேயும், விருத்தாசலத்துக்கு அருகிலும், அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைகளிலும் அவர்களுடைய எச்சங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

கதை கட்டுகிறேன் என்று எண்ண வேண்டா. புராணம் புனையும் தொழில் நமக்கு உரியதன்று. 1846-ஆம் ஆண்டு இலண்டன் நிலவியல் கழகத்தின் ஏட்டில், எட்வர்டு ஃபோர்ப்சு என்னும் உயிர்நூல் அறிஞர் தென்னிந்தியாவிலிருந்து வந்த கற்படிவங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அதில் கண்ட கடலுயிர்களுள் பலவற்றுக்கு அவர் சூட்டிய பெயர்கள் இவை: அம்மோனைட்டிஸ் பிரமா, அம்மோனைட்டிஸ் விஷ்ணு, அம்மோனைட்டிஸ் சிவா, அம்மோனைட்டிஸ் இந்திரா, வருணா, சூரியா, யமா, கணேசா, துர்கா. வரிசையில் ஒருவர் அம்மோனைட்டிஸ் மெனு. அந்நாள் ஆங்கிலேயர் மனுவை 'மெனு' என்றே எழுதி வந்தனர். 1794-இல் வில்லியம் ஜோன்சு மனுநீதியை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது நூலின் தலைப்பிலேயே அந்த எழுத்துத்தான் இருந்தது.

ஃபோர்ப்சு இந்தியாவுக்கு வந்தவரல்லர். சென்னை மாகாணத்தில் அலுவல் பார்த்த கே, கன்லிஃபு என்னும் இரு ஆங்கிலேயர் 1840-களின் தொடக்கத்தில் புதுவை, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டி அனுப்பிய கற்கள் அவர் மேசைக்கு வந்தன. புதிய உயிர்கள், பெயர் வேண்டும். இந்திய நாட்டுக் கற்களாயிற்றே என்று இந்தியக் கடவுளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகச் சூட்டினார் போலும்! கன்லிஃபின் பெயரும் ஓர் அம்மோனைட்டுக்குக் கிடைத்தது. வெயிலில் குனிந்து கல்லுடைத்துச் சுமந்த உழவர்க்கும் கூலியாளுக்கும் அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. அது நமக்குப் பழகிப்போன செய்தி.

தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் வாழும் நம் தோழர்கள், நம் குன்றுகளிலும் இத்தகைய படிவங்கள் கிடைக்குமா என்று கேட்கக்கூடும். கிடைக்கா. பல்லாவரத்துக் குன்றும் பரங்கிமலையும் சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனவை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இப்பாறையே என்று கண்ட ஹாலந்து என்னும் நிலவியலார் 1893-இல் அந்தப் பெயரை இட்டார். பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருவான கல் அது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. நண்டோ நத்தையோ உலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே உருவாகிவிட்ட கல்லில் உயிரின் சுவடு எப்படி இருக்கும்? பல்லாவரத்தில் 1863-இல் இராபர்ட்டு புரூசு ஃபூட்டு கண்டெடுத்த கற்கருவி உலகப் புகழ் பெற்றது என்பது உண்மை. ஆனால் அது மனிதன் கைபட்ட கல். உயிரின் உடல் கல்லானது அன்று.

கல்லான உடலைக் காண வேண்டுமாயின், எழும்பூரிலிருந்து தாம்பரம் வழியே திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் தொடர்வண்டியில் ஏறி அரியலூரில் இறங்க வேண்டும். 1956 நவம்பர் 23-இல் நிகழ்ந்த கொடிய இரயில் விபத்தால் நாடெங்கும் அறியப்பட்ட ஊர் அது. அதற்கு அடுத்து வருவது நம் இயக்கத்தார் எவரும் மறக்க மாட்டாத கல்லக்குடி. 1953 ஜூலை 15-இல் டால்மியாபுரம் என்னும் பெயர்ப் பலகையை எதிர்த்துக் கலைஞரும் தோழர்களும் தண்டவாளத்தில் தலை வைத்த அதே கல்லக்குடி! அங்கே சிமெண்டு ஆலை எழுந்ததற்குக் காரணமான சுண்ணாம்புக் கல், ஒரு பழங்கடலின் எச்சம். கிரெட்டேசியக் காலம் என்று அறிஞர் அழைக்கும் ஊழியில், இன்றைய காவிரிப் படுகையின் பெரும்பகுதி கடலாக இருந்தது. அக்கடலில் நீந்தியவையே அம்மோனைட்டுகள்.

அது எத்தகைய உயிர்? பார்த்தால் நத்தை போலத் தோன்றும், நத்தையன்று. நம் கடற்கரைச் சந்தையில் விற்கும் கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் உறவு. ஓட்டின் வாயில் உடலை வைத்துக்கொண்டு கைகளை நீட்டி இரை தேடிய கடலுயிர். வளர வளர ஓட்டைப் பெரிதாக்கி முன்னே நகரும். விட்டுவந்த பகுதியை ஒரு சுவர் எழுப்பி அடைத்துவிடும். இப்படி அறை அறையாய் அமைந்த சுருள் அது. கடைசி அறை குடியிருப்பு. பின்னுள்ள அறைகளெல்லாம் மிதப்பதற்கு உதவும் காற்றறைகள்.

அந்தச் சுவர், ஓட்டின் உட்புறத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோடு விழும். தையற்காரர் இரண்டு துணிகளை இணைத்த தையல் போல இருப்பதால் அதைத் தையல்கோடு என்றே அழைக்கலாம். அம்மோனைட்டின் மேலோடு உதிர்ந்த கல்லில் இக்கோடு தெளிவாகத் தெரியும். சிலவற்றில் அலை போல வளையும். சிலவற்றில் பல் பல்லாய் வெட்டுப்பட்டிருக்கும். சிலவற்றில் கொத்துக் கொத்தாய் இலை விரிந்தாற்போல் நெளியும். வெளியே உள்ள முகட்டுவரியும் குமிழும் உயிர் வாழும் சூழலுக்கேற்ப மாறக்கூடியவை. வெவ்வேறு குடும்பத்தவை ஒரே விதமான வரியை அணிந்து நிற்கும். தையல்கோடோ உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வழிவழியாக வரும் அமைப்பைக் காட்டுவது. ஜெர்மானியரான லியோபோல்டு ஃபான் பூக் 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இக்கோட்டின் மேடு பள்ளங்களை எண்ணித் தொகுத்துப் பெரும் பிரிவுகள் வகுத்தார். ஆடையைப் பார்த்து மதிக்காமல் எலும்பைப் பார்த்து உறவு காண்பது போன்ற முறை இது.

நம் நாட்டில் இதே உயிரை வேறொரு கூட்டமும் வகைப்படுத்தியிருக்கிறது! நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் உருண்டு கிடக்கும் கருங்கற்களை உடைத்தால் உள்ளே சுருள் தெரியும். அதுதான் சாளக்கிராமம். சுமார் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இமயம் இருந்த இடத்தில் கிடந்த கடலின் அம்மோனைட்டு அது. இந்திய நிலப்பரப்பு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியபோது கடலடி மலையாக எழுந்தது. மலையை ஆறு அரித்துக் கல்லை வெளியே தள்ளியது. புராணிகர் கண்டதோ வேறு. துளசியின் சாபத்தால் விட்டுணு கல்லானான் என்றார்கள். வச்சிரகீடம் என்னும் புழு அக்கல்லைத் துளைத்துச் சக்கரம் வரைந்தது என்றார்கள். பிறகு வகை பிரித்தார்கள். இத்தனை சக்கரம் இருந்தால் இலட்சுமி நாராயணம், வாய் அகன்றிருந்தால் நரசிம்மம், சிறிதாயிருந்தால் வாமனம். இன்ன நிறம் செல்வம் தரும், இன்ன நிறம் துயரம் தரும்!

புழு துளைத்தது என்ற கற்பனையில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே ஓர் உயிர் இருந்தது என்று கண்டுகொள்ளும் எல்லை வரை வந்துவிட்டார்கள்; கல்லை உயிர் குடைந்ததா, உயிர் கட்டிய வீடு கல்லாயிற்றா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்கவிடவும் இல்லை. பெண்டிரும் சூத்திரரும் சாளக்கிராமத்தைத் தொடலாகாது என்று விதித்த சாத்திரங்கள் உண்டு. தொடாதவன் எப்படித் திருப்பிப் பார்ப்பான்? திருப்பிப் பார்க்காதவன் எப்படி உடைத்துப் பார்ப்பான்? உடைத்துப் பாராதவனுக்குத் தையல்கோடு எங்கே தெரியும்? தீண்டாமை மனிதரை மட்டும் ஒடுக்கவில்லை. அறிவு நுழையும் வாயிலையும் அடைத்தது.

மேலைநாட்டார் எல்லாரும் பிறவி அறிஞர் என்று சொல்ல வரவில்லை. அம்மோனைட் என்ற சொல்லே எகிப்திய நாட்டு ஆட்டுக்கொம்புக் கடவுளாகிய அம்மோனின் பெயரிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் விட்பி என்னும் கடற்கரை ஊரில், புனித இல்டா பாம்புகளைச் சபித்துக் கல்லாக்கினாள் என்று நம்பினர். பாம்புக்குத் தலை இல்லையே என்று கேட்பார்களே என, வணிகர் அம்மோனைட்டுக்குப் பாம்புத்தலை செதுக்கி விற்றனர்! ஆயினும் அந்நாட்டிலேயே இராபர்ட்டு ஊக்கு என்பவர் பதினேழாம் நூற்றாண்டில், இவை நாட்டிலஸ் போன்ற அறையோட்டு உயிரின் எச்சங்களே, இவ்வகை இன்று உலகில் இல்லாமல் அழிந்திருக்கவும் கூடும் என்று எழுதினார். கடவுள் படைத்தது அழியுமா என்று மதவாதிகள் மலைத்த காலம் அது.

வானவன் உடலைக் கல்லில் கண்ட வேறொரு கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். உடற்கூறு கொண்டு உறவு காண்பதன் பெருமை அதில் பளிச்சென விளங்கும். சுகாட்லாந்தில் ஃபார்ஃபார் வட்டாரத்துக் கல்லுடைப்போர், செம்மணற்கல் காலத்துப் பாறைகளில் இறகு படர்ந்தாற்போன்ற செதில்கோலம் கொண்ட பெரிய எச்சங்களைக் கண்டனர். விவிலியத்தில் வரும் ஆறு சிறகு வானவரை நினைத்து 'செராஃபிம்' என்று பெயரிட்டனர். லூயி அகாசி என்னும் மீன்நூல் வல்லுநர் முதலில் அதை மீன் என்று எண்ணி, டெரிகோட்டஸ் என்று பெயர் சூட்டினார். முழுமையான துண்டுகள் கிடைத்ததும், இது மீனன்று, நண்டு தேள் போன்ற கணுக்காலி என்று 1844-இல் தம்மைத் தாமே திருத்திக்கொண்டார். அமெரிக்காவிலும் இதுவே நடந்தது: 1818-இல் நியூயார்க்கு நாட்டுக் கல் ஒன்றைப் பார்த்த மிச்சில் அதைக் கெளுத்தி மீன் என்றார், 1825-இல் டிகே அதே உயிரின் கால்களைக் கண்டு கணுக்காலி என்று காட்டினார்.

இவைதாம் கடல்தேள்கள். இருநூறுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரியது இரண்டரை மீட்டர் நீளம், ஆளை விஞ்சும் அளவு! தலைக்கவசத்தின் கீழ் ஆறு இணை உறுப்புகள்: முன்னிணை கவ்விகள், மற்ற ஐந்தும் கால்கள். உடலில் பன்னிரண்டு கண்டங்கள், முடிவில் வால்முள். இந்த எண்ணிக்கை தேளுக்கும் பொருந்தும். கடைசிக் கால் துடுப்பாய் அகன்றிருந்தால் ஒரு பிரிவு. நடக்கும் காலாகவே இருந்தால் இன்னொரு பிரிவு. நீந்தியது எது, கடலடியில் ஊர்ந்தது எது என்பதை அந்த ஒரு காலே காட்டிவிடும். ஒரிசாக் கரையில் முட்டையிட ஒதுங்கும் குதிரைலாட நண்டைப் பார்த்திருக்கிறீர்களா? பெயர்தான் நண்டு. கவ்வியையும் காலையும் செவுளையும் ஒப்பிட்டு, அது தேளுக்கும் சிலந்திக்கும் உறவு என்று 1881-இல் ரே லங்கெஸ்டர் நிறுவினார். கடல்தேள்களும் அந்தப் பெருங்கூட்டத்தில் வந்து சேர்ந்தன. நம் அரியலூரில் கடல்தேள் அகப்படாது. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரழிவோடு அவை மறைந்தன. அரியலூர்க் கடல் உள்ளே வந்ததோ அதற்கு 14 கோடி ஆண்டுகள் கழித்து. ஆனால் வானவரைத் தேளாக்கிய அதே முறைதான் இங்கே விட்டுணுவைக் கணவாயின் உறவினன் ஆக்கியது.

அரியலூர்க் கதைக்கு மீள்வோம். 1860-ஐ ஒட்டி ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் நிலவியலார் இப்பகுதியை நடந்து அளந்து, பாறைகளை அடியிலிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அவருக்குப் பின்வந்தோர் இவற்றையும் பிரித்து, காரை, குளக்கல்நத்தம், ஆனைப்பாடி, சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்று நம் ஊர்ப்பெயர்களையே வைத்தனர். உலக நிலவியல் ஏடுகளில் காரை என்றும் கல்லங்குறிச்சி என்றும் அச்சாகும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அதே ஏடுகளில் ஓர் அடுக்குக்கு டால்மியாபுரம் என்ற பெயரே இன்றும் பெரிதும் வழங்குகிறது! இரயில் நிலையத்தில் பெயர் மாறிவிட்டது. பாறையில் இன்னும் மாறவில்லை.

திரட்டிய கற்படிவங்கள் கல்கத்தாவுக்குச் சென்றன. அவற்றை ஆராயும் பணி ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா என்னும் இளைஞரிடம் வந்தது. 1838-இல் மொராவியாவில் பிறந்தவர். 1862-இல், இருபத்து நான்காம் வயதில், இந்திய நிலவியல் அளவாய்வுத் துறையில் சேர்ந்தார். அடுத்த பத்தாண்டுகளில் தென்னிந்தியக் கிரெட்டேசிய உயிர்களைப் பற்றி அவர் உழைத்து முடித்த பெருந்தொகுதிகள், ஒவ்வொரு ஓட்டின் படத்தையும் அளவையும் தையல்கோட்டையும் தாங்கி நிற்கின்றன. யார்க்கண்டுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1874 ஜூன் 19-இல், இலடாக்கின் உயர்மலைகளில் மூச்சுத் திணறி மாண்டார். வயது முப்பத்தாறு. லே நகரில் அவருக்குக் கல்லறை உண்டு. நம் மண்ணின் பழங்கடலைப் படித்துச் சொன்ன அவர் பெயரை நம் பிள்ளைகளின் பாடநூல் எதிலும் நான் கண்டதில்லை.

ஸ்டோலிச்கா எழுதியபோது எல்லாச் சுருளும் அம்மோனைட்டிஸ் என்னும் ஒரே பேரினத்தில் அடங்கிக் கிடந்தன. ஊருக்கெல்லாம் ஒரே வீட்டுப்பெயர் வைத்தாற்போன்ற நிலை. அதே 1865-இல் வியன்னாவில் எடுவர்டு சூசு அதை உடைக்கத் தொடங்கினார். இலைபோன்ற தையல்கோடு உடையதைப் பில்லோசெராஸ் என்று பிரித்தார். அந்த வியன்னாவிலிருந்தே ஃபிரான்சு கோஸ்மட் 1895 முதல் 1898 வரை தென்னிந்திய அம்மோனைட்டுகளை மறு ஆய்வு செய்தார். கடவுளர் குலம் கலைந்தது அப்போதுதான்!

என்ன ஆயிற்று என்று கேளுங்கள். மெல்லிய நூல்வரியும் இலைத் தையல்கோடும் கொண்ட சூரியன், பில்லோசெராஸ் குடும்பத்துக்குப் போனான். வழவழப்பான ஓடும் விரைந்து பருக்கும் சுருளும் கொண்ட இந்திரனுக்குச் 'சூடோபில்லைட்டிஸ்' என்னும் புதுப் பேரினம். அப்பெயரின் முற்பகுதிக்குப் 'பொய்' என்று பொருள். இந்திரனுக்கு அது பொருந்துமா என்பதை அகலிகையிடம் கேட்டுக்கொள்ளலாம். மெதுவாக விரியும் சுருளில் இடையிடையே இறுகிய பள்ளங்களும் எழுந்த வரம்புகளும் உடைய பிரமனுக்கு, 'பிரமைட்டிஸ்' என்று அவன் பெயராலேயே ஒரு பேரினம். விட்டுணுவைத் தூக்கிப் பார்த்தார்கள். இவனும் பிரமனின் இனத்தவனே என்று அங்கேயே சேர்த்தார்கள். யார் பெரியவர் என்று அடிமுடி தேடிய வழக்குக்குச் சுண்ணாம்புக் கல்லில் இப்படி ஒரு தீர்ப்பு! வருணன் நியூசிலாந்தின் பெயரைத் தாங்கிய 'சீலாண்டைட்டிஸ்' பேரினத்துக்குக் குடிபோனான்.

மனு? 1922-இல் ஸ்பாத்து என்னும் ஆங்கில அறிஞர் அவனைத் தனியே எடுத்தார். பருத்த சுருள், தடித்த வரி, கொப்பூழ்க் குழியின் ஓரத்திலும் முதுகின் ஓரத்திலும் குமிழ்கள். 'மெனுவைட்டிஸ்' என்று புதுப் பேரினம் வகுத்தார். அதன் குடும்பம் பாக்கிடிசிடே; பிரமனின் குடும்பமோ கோஸ்மட்டின் பெயரால் வழங்குவது. பிரமனின் புதல்வன் மனு என்பது புராணம். முகத்தில் பிறந்தோர், தோளில் பிறந்தோர், தொடையில் பிறந்தோர், காலில் பிறந்தோர் என்று அந்தப் பிரமனின் உடலை வைத்துத்தான் நம்மை நான்காகப் பிரித்தது மனுவின் நூல். கல்லில் இருக்கும் மனுவின் உடலோ பிரமனின் குடும்பத்தோடு ஒட்டவில்லை!

நகைச்சுவைக்காக இதைச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். வகைப்படுத்தல் என்ற ஒரே சொல் இரண்டு வேறு செயல்களுக்கு வழங்குகிறது. மனுவின் வகைப்படுத்தலில் முடிவு முதலில் எழுதப்பட்டுவிட்டது. எந்த உடலைக் காட்டினாலும் அது மாறாது. கோஸ்மட்டின் வகைப்படுத்தலில் நாளை இன்னொரு நல்ல ஓடு கிடைத்தால் பிரமனையும் இடம் மாற்றலாம், மாற்றியும் இருக்கிறார்கள்.

இதற்கு மெனுவைட்டிஸே நல்ல சான்று. 1962-இல் போலந்தில் மக்கோவ்ஸ்கியும், 1963-இல் இங்கிலாந்தில் தொழிலால் வேதியியலாரான காலோமனும், அம்மோனைட்டுகளில் ஒரே அடுக்கில் இணையிணையாய்க் கிடைக்கும் சிறு ஓடும் பெரு ஓடும் தனித்தனி இனங்கள் அல்ல, ஆணும் பெண்ணுமே என்று காட்டினர். இளமையில் இரண்டும் ஒரே விதமாகச் சுருளுகின்றன. முதிர்ந்தபின்தான் உருவம் பிரிகிறது. பெரியது பெண் என்பது பெரும்பாலோர் கருத்து. பிறகு மெனுவைட்டிஸின் முறை வந்தது. குமிழ் மிகுந்த சிறு ஓடுகள் அந்தப் பெயரிலும், பெரியவை அனாபாக்கிடிஸ்கஸ் என்ற வேறு பேரினப் பெயரிலும் கிடந்தன. இரண்டும் ஓர் இணை என்று பின்வந்த ஆய்வாளர் கொண்டனர். கணவனையும் மனைவியையும் இரு குலமாக எழுதிவைத்த பதிவேட்டைத் திருத்தினார்கள். பெண்ணைத் தாழ்த்தி எழுதிய மனுவின் பெயர் கொண்ட உயிரில், பெரியவள் பெண்!

உடலை அளந்தாலே அது அறிவியல் ஆகிவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் நம் சென்னையிலேயே அந்தத் தீங்கு நடந்தது. எட்கார் தர்சுடன் 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவர். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடலுயிர்களைப் பற்றி நல்ல நூல் எழுதியவர். அதே கையில் அளவுக்கருவியை எடுத்துத் தென்னாட்டு மக்களின் மண்டையையும் மூக்கையும் சாதிவாரியாக அளந்தார். 1909-இல் ஏழு தொகுதிகளில் சாதிகளையும் குடிகளையும் பட்டியலிட்டார். வடக்கே ரிஸ்லி என்னும் அதிகாரி, மூக்கின் அகலம் ஏற ஏறச் சாதியின் தகுதி இறங்குகிறது என்றே எழுதிவிட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கில் சாதிகளை ஏற்றத்தாழ்வு வரிசையில் நிறுத்தவும் செய்தார். அம்மோனைட்டுக்கு முதலில் கோட்டைப் பார்த்துப் பிறகு குடும்பம் கண்டார்கள். இங்கே உயர்வு தாழ்வை முன்பே கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற மூக்கைத் தேடினார்கள். மனிதர் அனைவரும் ஒரே சிற்றினம் என்ற எளிய உண்மையை மூக்கால் மறைக்கப் பார்த்தார்கள்.

வானவர் சிறகைத் தேளின் ஓடாக்கிய அந்த அகாசியே இதில் சறுக்கியவர். கல்லில் கண்ட மீனைக் கணுக்காலியாக்கித் திருத்திக்கொண்டவர், மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்ற கருத்தை விடவில்லை. 1859-இல் டார்வினின் நூல் வந்த பின்னும், 1873-இல் இறக்கும் வரையிலும், பரிணாமத்தை ஏற்கவில்லை. அளவுகோல் பிடிக்கும் கை திருத்தமாயிருந்தால் மட்டும் போதாது போலும்.

அரியலூர்ச் சுரங்கங்களில் வெடிவைத்து நாள்தோறும் சுண்ணாம்புக் கல் எடுக்கிறார்கள். எடுத்த கல் அரைபட்டுச் சிமெண்டாகிறது. அதில் எத்தனை ஓடுகள் பொடியாகின்றன என்று எண்ணுவார் இல்லை. தாம்பரத்தில் எழும் அடுக்குமாடிச் சுவரில் பூசப்பட்டிருப்பது அரியலூர்ச் சிமெண்டாயின், அதில் அந்தப் பழங்கடலின் ஓடுகளும் கலந்திருக்கும். வாரணவாசியில் அரசு அமைத்த புதைபடிவ அருங்காட்சியகம் எஞ்சியவற்றுள் சிலவற்றைக் காத்து வைத்திருக்கிறது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தோண்டியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட, டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. முட்டையன்று, கடற்சேறு அம்மோனைட்டு எச்சத்தைச் சுற்றி உருண்டு இறுகியது என்று நிலவியலார் வந்து பார்த்துச் சொன்னார்கள். முட்டை என்றபோது ஓடிவந்த கூட்டம், அம்மோனைட் என்றதும் கலைந்துவிட்டது.

கல்லங்குறிச்சிக்கும் ஒட்டக்கோவிலுக்கும் மேலே கல்லமேட்டு அடுக்கு. அதில் டைனோசர் எலும்புகள் கிடைத்துள்ளன. அதற்கும் மேலே நிண்ணியூர்ச் சுண்ணாம்புக்கல். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன் நிகழ்ந்த பேரழிவுக்குப் பின் திரும்பி வந்த கடலின் படிவு அது. அங்கே பிரமன் இல்லை, விட்டுணு இல்லை, மனுவும் இல்லை, ஓர் அம்மோனைட்டும் இல்லை. அதே அடுக்கில் ஹெர்கோகிளாசா என்னும் அறையோடு ஒன்று கிடைக்கிறது. நாட்டிலஸ் வகையைச் சேர்ந்தது. தையல்கோடு எளிய வளைவு; வரியும் குமிழும் இல்லாத வழுவழுப்பான ஓடு. எந்தக் கடவுளின் பெயரும் அதற்கு இல்லை. அதன் உறவினங்கள் பசிபிக் கடலில் இன்றும் நீந்திக்கொண்டிருக்கின்றன.